கோழைக்கு இங்கிலீஷ்ல எத்தனை பேரு, தமிழ்ல எது சரி?

இங்கிலீஷ்ல தைரியம் இல்லாதவங்கள சொல்ல ஏகப்பட்ட வார்த்தை இருக்கு, ஆனா நம்ம டிக்ஷனரிங்க பெரும்பாலும் எல்லாத்துக்கும் ‘கோழை’ன்னு ஒண்ணையே போட்டுட்டு போயிடுது, எனக்கு அது பத்தாது.

முதல்ல கவர்ட் (coward). பழைய பிரெஞ்சு வழியா வந்த வார்த்தை, வேர் லத்தீன் ‘காவ்தா’, அப்டின்னா வால். பயந்த மிருகம் வாலை காலுக்கு நடுவுல இடுக்கிக்கும்ல, இல்லாட்டி திரும்பி ஓடுறப்போ வால்தான் நமக்கு தெரியும், ரெண்டு விதமாவும் விளக்கம் சொல்றாங்க. பழைய பிரெஞ்சு நரிக் கதைகள்ல முயலுக்கு பேரே இதுதான். பயந்து குனிஞ்சு பதுங்குறதுக்கு கவர்னு (cower) இன்னொரு சொல் இருக்கே, அது கேக்க ஒண்ணுபோல இருந்தாலும் இதுக்கு சொந்தம் இல்ல. தமிழ்ல ‘வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான்’னு சொல்றோமே, கவர்டோட உயிர் அப்டியே அதுல இருக்கு.

எனக்கு ரொம்ப புடிச்சது லில்லி லிவர்ட். அந்தக் காலத்துல ஐரோப்பால வீரம் இருக்குற இடம் கல்லீரல்னு நம்புனாங்க, அதுல ரத்தம் இல்லாம லில்லிப் பூ மாதிரி வெளுத்திருந்தா அவன் பயந்தவன். ஷேக்ஸ்பியரோட மேக்பெத்ல முகம் வெளுத்துப்போய் சேதி சொல்ல வர்ற வேலைக்காரப் பையன ராஜா இப்டித்தான் திட்டுவான். நம்ம பாட்டிங்க ‘ஈரக்குலையே நடுங்கிப்போச்சு’ம்பாங்க பாருங்க, ஈரல்தான் அங்கயும்! அதனால இதுக்கு ‘ஈரக்குலை நடுங்கி’ன்னு வெச்சா கச்சிதமா இருக்கும், தொடைநடுங்கின்னு ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அதே வார்ப்புதான்.

பியூசிலானிமஸ் லத்தீன்ல ‘ரொம்ப சின்ன மனசு’. ஆனா தமிழ்ல சின்ன மனசுன்னா பொறாமை, கஞ்சத்தனம்னு அர்த்தம் மாறிடும், அதனால நெஞ்சுரம் இல்லாதவன்னு போடுறதுதான் சரி. டாஸ்டர்ட்லி ஒரு காலத்துல கோழைத்தனத்த சொன்னது, இப்போ பெரும்பாலும் ஈவிரக்கமில்லாத கொடுமைக்குத்தான் வருது, குண்டுவெடிப்பு நியூஸ்ல பாத்திருப்பீங்க, அங்க ‘கொடூரமான’ன்னு எழுதுனா போதும்.

பயந்தாங்கொள்ளி நல்ல சொல்தான், ‘பயம்’ வடமொழின்னு யோசிக்கிறவங்க அச்சத்துலேர்ந்து ‘அஞ்சுபவன்’னு எழுதலாம். ஆனா பேடி, பொட்டைன்னு மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, பொண்ணுங்களையும் திருநங்கைகளையும் கேவலப்படுத்துற சொல் அதெல்லாம், தைரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.