குரோட்டன் வேறு, நேர்வாளம் வேறு

வீட்டுத் தோட்டம் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில், ‘வரவேற்பறையில் நேர்வாளம் வளர்க்கலாம்’ என்னும் பொருள்பட எழுதப்படுவதை அண்மையில் மூன்றாம் முறையாகப் படித்தேன். அங்கே குறிக்கப்படுவது நச்சு விதையுடைய நேர்வாளம் அன்று. நாம் குரோட்டன்ஸ் என்று அழைக்கும் வண்ண இலைச் செடி.

குரோட்டன் என்பது உண்ணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆமணக்கு விதை உண்ணியைப் போலிருப்பதால் ஆமணக்குக்கும் அப்பெயர் வழங்கியது. பிற்காலத்தில் ஆமணக்குக் குடும்பத்துப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. செடிகளை வகைப்படுத்திப் பெயரிட்ட அறிஞர் லின்னேயஸ் நம் வண்ணச் செடியையும் அதிலேயே சேர்த்தார். 1824இல் கோடியேயம் என்ற தனிப் பேரினம் வகுக்கப்பட்டபின் செடி அங்கே சென்றது. பழைய பெயரோ தோட்டக்காரர் நாவிலேயே நின்றுவிட்டது.

குரோட்டன் பேரினத்திலேயே நிலைத்திருப்பதுதான் நேர்வாளம். அகராதியில் குரோட்டன் என்று தேடி, கண்ணில் பட்ட முதல் தமிழ்ச் சொல்லை எடுத்து வைப்பதால் வந்த பிழை இது. சொற்பிழை என்று இதை விட்டுவிட முடியாது. நேர்வாள விதையின் எண்ணெய் கடும் பேதியை உண்டாக்கும் நஞ்சு. சித்த மருத்துவர்கள் அவ்விதையை நச்சு நீங்கச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை. அதைக் குழந்தைகள் நடமாடும் அறையில் வளர்க்கச் சொல்வது பொறுப்பற்ற செயல். என் வீட்டு முற்றத்துத் தொட்டியிலுள்ள குரோட்டனில் தளிர் பசுமையும் மஞ்சளுமாய் விரிந்து, முதிர முதிர நரம்போரமாகச் சிவப்பு ஏறுகிறது. அந்த இலையை ஒருமுறை பார்த்தவர் நேர்வாளத்தின் வெறும் பச்சை இலையோடு அதைக் குழப்பமாட்டார். மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்க்கிறார்கள், செடியைப் பார்ப்பதில்லை.

தூய தமிழ் விரும்புவோர் சிலர் ‘அழகிலை’ என்கிறார்கள். தமிழார்வம் எனக்கும் உண்டு. ஆனால் செய்யுள் வழக்கில் ‘இலை’ என்பது ‘இல்லை’ என்பதன் இடைக்குறையாகவும் (நடுவெழுத்துக் குறைந்த வடிவமாகவும்) வருமாதலால், அழகில்லை என்றும் பொருள்படும் சொல்லை இச்செடிக்கு இடுவது தகாது. ‘வண்ணவிலை’ என்று புணர்த்தி எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு ‘விலை’தான் முதலில் தெரியும். ஆகவே ‘வண்ண இலைச் செடி’ என்று பிரித்தே எழுதலாம். கோலியஸ், கலேடியம் முதலிய பிற வண்ணச் செடிகளையும் நாற்றுப்பண்ணைகளில் குரோட்டன்ஸ் என்றே விற்பதால், அந்தப் பொதுப்பொருளுக்கு இத்தொடர் நன்கு பொருந்தும். கோடியேயத்தை மட்டும் சுட்ட வேண்டிய இடத்தில் ‘குரோட்டன்’ போதும். ஒற்றைச் செடியைச் சொல்லும்போது ஆங்கிலப் பன்மையின் ‘ஸ்’ வேண்டியதில்லை.