அகலப் பார்வைக்கு எந்த ஐபீஸ்?

தொலைநோக்கி வாங்கியதும் பலர் அடுத்துத் தேடுவது சனியின் வளையத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதியைத்தான். ஆனால் எந்த இரவிலும் முதலில் மாட்ட வேண்டியது குறைந்த உருப்பெருக்க ஐபீஸ். பொருளைத் தேடிப் பிடிப்பதும், கார்த்திகைக் கூட்டத்தை முழுசாகப் பார்ப்பதும் அதில்தான். மி.மீ. எண் (ஐபீஸின் குவியத்தூரம்) பெரிதாக இருந்தால் வானமும் அதிகம் தெரியும் என்று நம்பி 40 மி.மீ. ப்ளாஸல் என்ற எளிய வகை ஐபீஸை வாங்குபவர்கள் நிறைய. 1.25 அங்குல வகையில் அது 32 மி.மீ. ப்ளாஸல் காட்டும் அதே வானத்தைத்தான் காட்டும்.

ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒரு கறுப்பு வளையம் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்கும்போது வட்டத்தின் ஓரமாகத் தெரிவது இந்த வளையத்தின் விளிம்புதான். (தோற்றப்புலம், அதாவது கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம், 82 பாகை உள்ள வகைகள் சிலவற்றில் இது வில்லைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும், அங்கே தயாரிப்பாளர் தரும் அளவைத்தான் நம்ப வேண்டும்.) 1.25 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 31.7 மி.மீ. சுவரின் தடிமனும் வடிகட்டி மாட்டும் மரையும் போக, வளையத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 27 மி.மீ. 32 மி.மீ. ப்ளாஸலே அதை முழுக்க எடுத்துக்கொள்கிறது. 40 மி.மீ. ஐபீஸிலும் வளையம் அதே அளவுதான். அதனால் தோற்றப்புலம் சுமார் 50 பாகையிலிருந்து 43 பாகைக்குச் சுருங்கி, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

கணக்கு எளிது: வளையத்தின் விட்டத்தைத் தொலைநோக்கியின் குவியத்தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால், தெரியும் வானம் பாகையில் கிடைக்கும். 8 அங்குல எஃப்/6 டாப்சோனியனை (எளிய தாங்கியில் நிற்கும் பிரதிபலிப்புத் தொலைநோக்கி) எடுத்துக்கொள்வோம். எஃப் எண் என்பது குவியத்தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது. குவியத்தூரம் 1200 மி.மீ. 27 மி.மீ. வளையம் 1.3 பாகை தரும், அதாவது இரண்டரை நிலா அகலம். 2 அங்குல ஐபீஸில் வளையம் 46 மி.மீ. வரை போகலாம், அப்போது 2.2 பாகை. கார்த்திகைக் கூட்டத்தின் பிரகாசமான விண்மீன்கள் முதலாவதில் நெருக்கியடித்து அடங்கும். இரண்டாவதில் சுற்றிலும் இருண்ட வானத்தோடு நிற்கும், அழகே அதில்தான். ஆன்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் ஏறத்தாழ 3 பாகை நீளம் என்பதால் இரண்டிலும் முழுசாக அடங்காது.

இனி, 68 பாகைத் தோற்றப்புலம் கொண்ட 24 மி.மீ. ஐபீஸுக்கும் வளையம் 27 மி.மீ.தான். தெரியும் வானம் 32 மி.மீ. ப்ளாஸலில் உள்ள அளவே. அப்படியிருக்க விலை கூடுதலான இதை ஏன் வாங்க வேண்டும்? ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலத்துக்காக. ஐபீஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும். எஃப்/6-இல் 32 மி.மீ. தருவது 5.3 மி.மீ. கற்றை, 37.5 மடங்கு உருப்பெருக்கம்; 24 மி.மீ. தருவது 4 மி.மீ. கற்றை, 50 மடங்கு. வானப் பின்னணியின் பிரகாசம் கற்றை அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 24-இல் பின்னணி 32-இல் இருப்பதைவிட 1.8 மடங்கு மங்கல். சாம்பல் பூத்த நகரத்து வானத்தில் மங்கலான விண்மீன்கள் எட்டிப் பார்ப்பது இதனால்தான். தெருவிளக்கு எட்டாத இடத்தில் பெரிய நெபுலாவை ஓஐஐஐ வடிகட்டியோடு (அதன் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடுவது) பார்ப்பவருக்கோ அகலமான கற்றைதான் நல்லது.

அகலத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இருட்டில் கண்பாவை இளம் வயதில் 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5, 6-க்கு மேல் போகாது. எஃப்/5 தொலைநோக்கியில் 40 மி.மீ. ஐபீஸ் போட்டால் கற்றை 8 மி.மீ. கண்பாவை 6 மி.மீ. என்றால் மீதி ஒளி கருவிழியில் விழுந்து வீண். காசு கொடுத்து வாங்கிய 200 மி.மீ. கண்ணாடி 150 மி.மீ. கண்ணாடியாக வேலை செய்யும். பிரதிபலிப்பு வகையில் இன்னொரு தொல்லை: நிலாவைப் பார்க்கும்போது கண்பாவை சுருங்கிவிடுவதால், துணைக்கண்ணாடியின் நிழல் நடுவில் கறுப்புத் திட்டாக மிதக்கும். கருவியில் பழுது என்று பயந்துவிட வேண்டாம்.

ஓரத்தில் விண்மீன்கள் புள்ளியாக நிற்காவிட்டால் எல்லாப் பழியையும் ஐபீஸ்மேல் போடக் கூடாது. நடுவிலிருந்து வெளிநோக்கி வால் முளைத்தால் அது கோமா. எஃப்/5-க்கும் கீழான வளைகண்ணாடியின் குறை, எந்த ஐபீஸ் மாற்றினாலும் போகாது, தனியாகக் கோமா திருத்தி வேண்டும். ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தும்போது விண்மீன் ஒரு பக்கம் நீண்ட கோடாகி, பிறகு அதற்குக் குறுக்கே நீண்டால் ஆஸ்டிக்மாட்டிசம். மலிவான அகலப்புல ஐபீஸ்களில் வழக்கமாக இருப்பது இதுதான். மறு ஃபோகஸில் ஓரம் கூர்மையாகி நடு கலங்கினால் புல வளைவு. எஃப்/10 ஷ்மிட்-காஸக்ரெய்ன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஐபீஸால் வரும் ஆஸ்டிக்மாட்டிசக் கவலை குறைவு. மலிவான ஐபீஸே அங்கே நன்றாக நடந்துகொள்ளும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு அது உதவாது. கற்றை அகலமாக இருக்கும்போது அந்தக் குறை இன்னும் துலக்கமாகத் தெரியும். அவர்கள் கண்ணாடியோடே பார்க்க, கண் இடைவெளி (ஐபீஸுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம்) 20 மி.மீ. அளவில் உள்ளதைத் தேட வேண்டும். 32 மி.மீ. ப்ளாஸலில் அது இயல்பாகவே கிடைக்கும்.

2 அங்குலம் வாங்குமுன் ஃபோகஸர் (ஐபீஸை மாட்டி ஃபோகஸ் செய்யும் பகுதி) அதை ஏற்குமா என்று பாருங்கள்; எடையையும் பாருங்கள். 82 பாகை, 31 மி.மீ. வகை ஒரு கிலோவைத் தொடும். டாப்சோனியன் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும்; எஃகுக் குழாயாக இருந்தால் அடிப்பக்கத்தில் காந்தம் ஒட்டிச் சமன்செய்யலாம்.

விளம்பரத்தில் சொன்ன புலம் உண்மையா என்று பார்க்க ஒரு கடிகாரம் போதும். ஓரியன் இடைவாரின் மூன்று விண்மீன்களில் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் மின்டகா, வான நடுவரையை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) ஒட்டியே இருக்கிறது. மோட்டார் இருந்தால் நிறுத்திவிட்டு, அது வட்டத்தின் நடுவாகக் கடக்க எடுக்கும் நிமிடங்களை 4-ஆல் வகுத்தால் பாகை வரும். மேலே சொன்ன 1200 மி.மீ. தொலைநோக்கியில் 27 மி.மீ. வளையத்துக்கு 5 நிமிடம் 10 வினாடி ஆக வேண்டும். 4 நிமிடத்திலேயே ஓடி மறைந்தால் வளையம் 21 மி.மீ.தான்.