டே ஹைக்: ஒருநாளா, ஒருபகலா?

'டே ஹைக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் 'ஒருநாள் மலையேற்றம்'. தப்பில்லை, எல்லாருக்கும் புரியும். ஆனால் மலை உச்சிவரை போய் அன்றைக்கே திரும்புவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் எனக்கு இரண்டு இடத்தில் உறுத்துகிறது. 'நாள்' ஓரிடம், 'ஏற்றம்' இன்னோரிடம்.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். 'ஹைக்' நமக்கு மலையைவிடச் சம்பளத்தோடுதான் அதிகப் பழக்கம். 'இந்த வருஷம் ஹைக் எவ்வளவு?' என்று கேட்காத அலுவலகம் உண்டா? ஆங்கிலத்தில் இது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டார வழக்காகத் தலைகாட்டியது. விறுவிறுவென நெடுந்தூரம் நடப்பதுதான் அப்போதைய பொருள். அதற்கு முந்தைய வேர் மொழியியலாளர்களுக்கே தெளிவாகப் பிடிபடவில்லை. தூக்குவது, உயர்த்துவது என்ற பொருளும் சேர்ந்துகொண்டது, விலையும் சம்பளமும் அப்படித்தான் இதற்குள் வந்தன. தமிழில் விலையேற்றம், ஊதிய ஏற்றம், மலையேற்றம் என்று மூன்றையும் 'ஏற்றம்' என்ற ஒரே சொல் தாங்குகிறது. திட்டமிடாமல் அமைந்த பொருத்தம், எனக்கு மிகப் பிடித்தது.

'ட்ரெக்கிங்' வேறு குடும்பம். டச்சு மொழியில் 'ட்ரெக்கன்' என்றால் இழுத்தல். அது தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1830-களில் கேப் காலனியிலிருந்து டச்சு வழிவந்த போயர் குடியேறிகள் மாட்டுவண்டிகளில் வீட்டையே ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் பெயர்ந்தார்களே, அந்தப் பெயர்ச்சிக்குத்தான் 'கிரேட் ட்ரெக்' என்று பெயர். ஆக ட்ரெக் என்றால் மூட்டை முடிச்சோடு, வழியில் தங்கித் தங்கி, பல நாள் போவது. காலையில் ஒரு தண்ணீர்க் குப்பியோடு கிளம்பி மாலையில் திரும்பிவிட்டு 'ட்ரெக்கிங் போனோம்' என்கிறோம் இல்லையா, அது ஹைக்கிங். ட்ரெக்கிங்குக்கு 'நெடுநடை' என்றும் ஹைக்கிங்குக்கு 'மலைநடை' என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, 'நாள்' விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தின் 'டே' இரண்டு வேலை செய்கிறது, இருபத்துநான்கு மணி நேரத்தையும் குறிக்கும், வெளிச்சம் இருக்கும் நேரத்தையும் குறிக்கும். தமிழ் அப்படிக் கலக்கவில்லை. நாள் வேறு, பகல் வேறு. டே ஹைக்கில் நம்மைக் கட்டுப்படுத்துவது எது? பகல்தான். மலைக்குக் கடிகாரத்தின் இருபத்துநான்கு மணியால் ஒன்றுமில்லை, வெளிச்சம் போய்விட்டால் கதை மாறிவிடும்.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலேயே உயரமான மலை, 1,345 மீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் பாதை கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்தே தொடங்குவதால் அந்த உயரம் முழுவதையும் காலால் ஏறியாக வேண்டும். போகவர ஏறத்தாழ 16 கிலோமீட்டர். இதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கணிக்க ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் போட்டால் ஐந்தரை மணி நேரத்தை ஒட்டி வரும். அதுவும் நல்ல உடல்தகுதி உள்ளவர் எங்கும் உட்காராமல், நல்ல வானிலையில் நடந்தால். பெரும்பாலோருக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஜூனில் அங்கே பதினேழு மணி நேரத்துக்கும் மேல் பகல் இருக்கிறது, ஆற அமரப் போய் வரலாம். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட முழுதாக இருக்காது, போதாததற்கு மேலே பனி. இரண்டுமே ஒரு நாள்தான். ஒரு பகலா என்று கேட்டால் பதில் மாறிவிடுகிறது.

அதனால்தான் ஒருநாளைவிட 'ஒருபகல்' பொருத்தம் என்கிறேன். இன்னும் ஒரு காரணம் இருக்கிறது. 'பகல்' என்ற சொல்லே 'பகு' என்ற வேரிலிருந்து வந்தது, பகுப்பது, பிரிப்பது. பழந்தமிழில் பகல் என்றால் நடு என்றும் பொருள் உண்டு. பட்டினப்பாலையில் நுகத்தடியின் நடுவே இருக்கும் ஆணிக்குப் பெயர் பகல். இரண்டு மாட்டுக்கும் சுமை சமமாக விழும்படி நடுவில் நிற்பது அது. (ட்ரெக்கை இழுத்து வந்த மாடுகளை நினைத்துக்கொண்டேன்.) உச்சிக்குப் போய்த் திரும்பும் பயணத்திலும் அப்படி ஒரு நடு ஆணி வேண்டும். மலையேறிகள் கிளம்பும்போதே ஒரு நேரம் குறித்துக்கொள்வார்கள், இத்தனை மணிக்குள் உச்சி வராவிட்டால், எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது என்று. அதைத் 'திரும்பும் கெடு' என்று சொல்லலாம். போவதையும் வருவதையும் பகுக்கும் நேரம், அந்தப் பழைய பொருளில் அதுவே பகல்.

இங்கே ஒரு மறுப்பு வரும். கலிபோர்னியாவின் மவுண்ட் விட்னிக்கு, 4,421 மீட்டர், ஒருநாள் அனுமதிச் சீட்டு நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவு வரை செல்லும். போகவர 35 கிலோமீட்டர், ஏற வேண்டியது 1,800 மீட்டருக்கும் மேல். நடுநிசி தாண்டியதுமே தலைவிளக்கு போட்டுக் கிளம்புபவர்கள் அங்கே நிறையப் பேர். அப்படியானால் அது நாள்தானே, பகல் எங்கே? நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் ஏன் இருட்டில் கிளம்புகிறார்கள் என்று பாருங்கள். இருட்டைத் தொடக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள், கால் புதிதாக இருக்கும்போது, பாதையின் எளிய பகுதியில். கால் துவண்டு, கவனம் சிதறி, இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்காகப் பகலைச் சேமிக்கிறார்கள். அங்கேயும் கணக்கு பகலைச் சுற்றித்தான்.

அடுத்து, இந்த நடையின் இலக்கைக் குறிக்கும் 'சம்மிட்'. லத்தீனில் 'சும்மும்' என்றால் மிக உயர்ந்தது, அது பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் உடனே 'சிகரம்' என்கிறோம், வடமொழிச் சொல், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் மலையின் மேற்பகுதிக்கு மட்டும் எத்தனை சொற்கள்! கோடு, குவடு, குடுமி, கொடுமுடி, சிமையம், முகடு, உச்சி. எல்லாமே ஒன்றல்ல. முகடு என்றால் கூரையின் முகடு நினைவுக்கு வர வேண்டும், இருபக்கச் சரிவும் மேலே சந்திக்கும் அந்த நீளமான விளிம்பு. மலையிலும் அப்படி நீண்டு கிடக்கும் மேல்விளிம்புக்கு முகடு பொருந்தும். ஒற்றைப் புள்ளியாக, அதற்கு மேல் ஏற ஒன்றுமில்லை என்ற இடத்துக்கு உச்சி.

உச்சிக்கு இன்னொரு பொருளும் இருக்கிறதே: நண்பகல். உச்சிவேளை, உச்சிவெயில். இதை மலையேறும் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். அமெரிக்காவின் ராக்கி மலைகளில் கோடையில் காலை நீலமாக விடியும், மதியத்துக்கு மேல் இடிமேகம் திரளும், மின்னல் இறங்கும். மரமே இல்லாத மொட்டைப் பாறைமேல் அப்போது நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள். அதனால் 4,346 மீட்டர் உயரமுள்ள லாங்ஸ் பீக்குக்குப் போகிறவர்கள் அதிகாலை மூன்று மணிக்கோ அதற்கும் முன்போ கிளம்பி, நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடப் பார்ப்பார்கள். உச்சிக்கு முன் உச்சி. தமிழில் சொன்னால் விதி நான்கே சொல்லில்கூட இல்லை, மூன்றில் முடிகிறது.

உச்சியைப் பற்றிச் சொல்லும்போது 'பொய்யுச்சி'யை விட முடியாது. கீழிருந்து பார்த்தால் இதுதான் முடிவு என்று தெரியும். மூச்சு வாங்க, சரளைக் கற்களில் இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கி, ஒருவழியாக அங்கே போய்த் தலையை நிமிர்த்தினால் பின்னால் இன்னொன்று நிற்கும், இன்னும் உயரமாக. அதையும் தாண்டினால் மூன்றாவது. நான் ஒருமுறை இரண்டாவது பொய்யுச்சியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் வலு இருந்தது, கால் எழ மறுத்தது. கூட வந்தவர் எதுவும் பேசாமல் தண்ணீரை நீட்டினார். பத்து நிமிஷம் கழித்து எழுந்தேன்.

இப்போது, ஒரு மலைநடை எவ்வளவு கடினம் என்று சொல்லும் சொற்கள். 'சேலஞ்சிங்' என்பதைச் 'சவாலான' என்று எழுதுகிறோம். சவால் அரபு மூலத்தில் 'கேள்வி', உருது வழியாக நம்மிடம் வந்து அறைகூவல் ஆகிவிட்டது. மலை விஷயத்தில் அந்தப் பழைய பொருளையே வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது, பல கேள்விகள் இருக்கின்றன. முதல் தவறு உயரத்தைப் பார்த்துக் கடினத்தை முடிவு செய்வது. கொலராடோவின் பைக்ஸ் பீக் 4,302 மீட்டர், ஆனால் உச்சிவரை தார்ச்சாலை போகிறது, ரயிலும் போகிறது. அதே மலையில் 'பார்' என்ற பெயருள்ள நடைபாதை வழியாக நடந்தால் 2,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், ஒருவழித் தூரமே 20 கிலோமீட்டர் வரும். உயரம் ஒன்றுதான், ஏற்றம் வேறு. தமிழில் 'உயரம்', 'ஏற்றம்' என்று இரண்டு சொல் கையிலேயே இருக்கிறது, பிரித்துப் பயன்படுத்தினால் போதும். காற்று மெலிவது தனிக் கணக்கு, 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் என்று உயர நோய் தொடங்கிவிடும். ஒரே பகலில் விறுவிறுவென ஏறுகிறவருக்கு உடம்பு பழக நேரமே கிடைப்பதில்லை.

அப்புறம் தரை. கை சட்டைப்பையில் இருக்கலாமா, பாறையில் இருக்க வேண்டுமா என்பதுதான் பெரிய எல்லைக்கோடு. சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் டி1 முதல் டி6 வரை மலைநடையைத் தரம் பிரிக்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி முறையில் முதல் வகுப்பு வெறும் நடை, மூன்றாம் வகுப்பில் கையையும் பயன்படுத்தி ஏற வேண்டும், ஐந்தாம் வகுப்பு கயிறு கட்டும் பாறையேற்றம். லாங்ஸ் பீக்கின் வழக்கமான வழி மூன்றாம் வகுப்பு. அந்த 'ஸ்க்ராம்பிளிங்'குக்குத் 'தொற்றியேற்றம்' சரியாக இருக்கும். கொடி தொற்றும், குழந்தை தோளில் தொற்றும், நாம் பாறையில் தொற்றுகிறோம்.

பாதை முழுக்க ஒரே கடினமாக இருக்காது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹாஃப் டோம் என்ற பாறைமலைக்குப் போகவர பத்துப் பன்னிரண்டு மணி நேர நடை, ஆனால் எல்லாரும் பேசுவது கடைசி 120 மீட்டரைத்தான். வழுக்குப் பாறையில் இரும்பு வடங்களைப் பிடித்து ஏறும் பகுதி அது, முதன்முதலாக வடம் போட்டது 1919-இல், மழையில் நனைந்தால் கண்ணாடிபோல வழுக்கும். ஒரு பாதையின் இப்படிப்பட்ட மிகக் கடினமான இடத்தை மலையேறிகள் 'க்ரக்ஸ்' என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மலைபடுகடாம் மலைவழியைக் காட்டும்போது, சேறு மறைத்த நுண்ணிய பாசி காலை நழுவவைக்கும் இடங்கள் உண்டு, ஓரத்து மெல்லிய மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்கிறது. அந்த இடங்களை அது 'அருப்பம்' என்று அழைக்கிறது. வடம் போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே, எதைப் பிடித்துக்கொள்வது என்பதுவரை சொல்லிய நூல். அருப்பத்தை நாம் திரும்ப எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக 'ஏற்றம்' பற்றிய என் உறுத்தல். மலையேற்றம் என்ற சொல்லில் இறக்கம் இல்லை. ஜப்பானியர் டே ஹைக்கை 'ஹிகாயெரி' என்கிறார்கள், அன்றே திரும்புதல் என்று பொருள், திரும்புவது பெயரிலேயே இருக்கிறது. அவர்களிடமே 'துப்பாக்கிக் குண்டு ஏற்றம்' என்ற சொல்லும் உண்டு, 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜியில் தங்காமல், தூங்காமல், இரவோடு இரவாக ஏறி இறங்குவது. அதைத் தடுக்க யோஷிதா பாதையில் 2024-இல் மாலை 4 மணிக்கும், 2025-இல் பிற்பகல் 2 மணிக்கும் கதவை மூடினார்கள், விடுதியில் இடம் பதிந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதிகாலை 3 மணிவரை வழி இல்லை.

இறக்கம் உண்மையில் பாதிப் பயணம், உடம்புக்குப் பாதிக்கும் மேல். ஏறும்போது மூச்சு முட்டும், இறங்கும்போது தொடைத்தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டபடியே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் மறுநாள் வலி அங்கேதான். கால்விரல் ஷூவின் முன்பக்கத்தில் முட்டி முட்டி நகம் கறுத்துப்போகும். உச்சியில் படம் எடுத்து முடித்ததும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் நேராது.

அதனால் என் பரிந்துரை: உச்சி இலக்கில்லாமல் நடந்துவிட்டு வருவது 'பகல்நடை'. உச்சி தொட்டு அன்றே திரும்புவது 'பகலேற்றம்', விரித்துச் சொல்ல வேண்டுமென்றால் 'ஒருபகல் ஏறியிறங்கல்'. வாக்கியத்தில் இப்படி வரும்: 'பகலேற்றம்தான், ஆனால் 1,400 மீட்டர் ஏற்றம், கடைசியில் ஓர் அருப்பம் இருக்கிறது, திரும்பும் கெடு பதினொன்றரை.'