குடிக்க மறுக்கும் மழைநீர்க் குழி

ஊத்தங்கரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வீட்டில் மூன்று மழைநீர்க் குழி இருக்கிறது. முதல் வருடம் நன்றாக உறிஞ்சியது. இப்போது அரை மணி மழைக்கே நிரம்பித் தெருவுக்கு ஓடுகிறது. மண் கெட்டுவிட்டதா சார்?”

2024 டிசம்பரில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை வாங்கிய ஊர் அது. சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை வீடியோவில் பார்த்தோம். அந்த மாதிரி நாளுக்குக் குழி போதாது. 1200 சதுர அடி மாடியில் மட்டுமே சுமார் 55,000 லிட்டர் விழுந்திருக்கும். அதை ஏரிதான் தாங்க வேண்டும், ஏரியும் நிரம்பிக் கோடி போகும். நம் பேச்சு சாதாரண மழையைப் பற்றி.

மண் கெடவில்லை, அடைத்திருக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டுக் குழியைத் திறந்தேன். ஜல்லிமேல் பாலாடை மாதிரி ஒரு படலம்: மாடித் தூசி, வேப்பஞ்சருகு, செம்மண் பொடி. விரல் தடிமன்கூட இல்லை. கொத்துக்கரண்டியால் சுரண்டிவிட்டு ஒரு குடம் ஊற்றினேன். மடக்கென்று குடித்துவிட்டது.

இவ்வளவு மெல்லிய படலம் எப்படி ஒரு குழியையே முடக்கும்? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று ஆராயப்போன பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், 1840 வாக்கில் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கும் இல்லை, 16 மடங்கு! ஒரு மில்லிமீட்டர் துளை நான்கையும் இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். மொத்தப் பரப்பு ஒன்றுதான். ஆனால் ஒற்றைத் துளை நான்கு மடங்கு தண்ணீரை விடும். நீர் சுவரை ஒட்டித்தான் தயங்குகிறது, நடுவில் ஓடுகிறது. துளை குறுகக் குறுக நடுவே இல்லாமல் போகிறது. மாம்பழ ஜூஸை மெல்லிய ஸ்ட்ராவில் உறிஞ்சிக் கன்னம் வலித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பிப் பாருங்கள். வண்டல் படிந்து மண்ணின் துளை பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது.

மண்புழு வளை, கறையான் பாதை, பட்டுப்போன வேர் விட்ட ஓட்டை, இவையெல்லாம் மழைக்கு ராஜபாட்டை. நாமோ புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றிவிட்டு, சுற்றிலும் சிமெண்ட் தரை போட்டு டைல்ஸ் ஒட்டுகிறோம். பாம்புக்குப் பால் தேவையே இல்லை. கறையானுக்கு மண் தேவை.

இன்னொரு ஆதங்கம். இரண்டு இரும்பு வளையங்களைத் தரையில் அடித்து நீர் ஊற்றினால், மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளந்துவிடலாம். கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தால் ஒரு கோடை விடுமுறையில் ஊரையே அளப்பார்கள். கான்கிரீட் கால்வாய்க்கு ஒதுக்குவதில் சில்லறைகூட ஆகாது.

சரி, உங்கள் குழி. மாடிக் குழாய் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் விழட்டும். வண்டல் அங்கே தங்கும். ஜல்லிமேல் அரை அடி ஆற்று மணல் பரப்புங்கள். ஐப்பசிக்கு முன்னால் மேல்மணலைச் சுரண்டி மாற்றுங்கள். மூடியைக் கொத்தனார் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தால் முதல் வேலையாக அதை உடையுங்கள்.