வெட்ட வெட்ட வளருமா? உயரமான பூச்செடிகளை மட்டம் தட்டாதீர்கள்

மறுபடியும் ஒரு போட்டோ வந்திருக்கிறது. நல்ல வெயில் விழும் மதிலோரப் பாத்தி. கல்வாழை, டேலியா, செவ்வந்தி, ரட்பெக்கியா என்று ஆள் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் வளர்ந்திருந்த செடிகள். அத்தனையையும் முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாக வெட்டி விட்டிருக்கிறார்கள், வேலி வெட்டும் மிஷினால். கூடவே, கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது பற்றி ஒரு கேள்வி: "கவாத்து பண்ணி ரொம்ப நாளாச்சு, இன்னும் ஒரு பூ கூட வரல. என்ன உரம் போடலாம்?"

வெட்டிய அன்று எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். குவித்துப் போட்ட தழையில் மிளகு அளவில் செவ்வந்தி மொட்டுகள், கொத்துக் கொத்தாக. அந்தப் பருவத்துக்கு வரவேண்டிய பூ மொத்தமும் அந்தக் குவியலில்தான் கிடந்தது. அதை எந்த உரமும் திருப்பித் தராது.

இப்படிக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "வெட்ட வெட்டத்தானே வளரும்?" தோட்டத்துக்கு இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதலைப் பூச்சியும் நோயும் சேர்ந்துகூடச் செய்ததில்லை என்பேன். வேலிச் செடிக்கு அது சரி. வேலியில் நமக்கு வேண்டியது இலை. பூச்செடியில் வேண்டியது பூ. அந்தப் பூ செடியின் எந்த இடத்தில், எப்போது உருவாகிறது என்று பார்க்காமல் கத்தரியை எடுத்தால், வெட்ட வெட்ட வளரும்தான், ஆனால் பூக்காது.

செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்டைப் பாருங்கள். செவ்வந்தி, டேலியா, ரட்பெக்கியா, உயரமான சால்வியா, ஃபிளாக்ஸ், ஆஸ்டர் இவற்றில் தண்டு நெடுகிலும் கணுக்கள் இருக்கும். கணுவில் இலை, இலைக் கக்கத்தில் ஒரு சிறு துளிர். நுனியை எடுத்தால் அந்தத் துளிர்கள் விழித்துக்கொண்டு பக்கக் கிளைகளாகும். ஒரு நுனி போய் நாலைந்து நுனி வரும். கவாத்து பலன் தருவது இந்த வகையில்தான்.

கல்வாழை, ஹெலிகோனியா, சம்பங்கி, கிளாடியோலஸ் அப்படி இல்லை. கல்வாழையிலும் ஹெலிகோனியாவிலும் பூங்கொத்து தண்டின் உள்ளேயே மேலேறி வந்து உச்சியில் வெளிப்படும். பாதியில் வெட்டினால் ஏறிக்கொண்டிருந்த பூவையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள். சம்பங்கியிலும் கிளாடியோலஸிலும் ஒரு கதிர்தான். அதை வெட்டிவிட்டால் அது பக்கத்தில் கிளைத்து இன்னொரு கதிர் தராது. இந்த வகையை உயரம் குறைக்கவே முடியாது. குட்டையாக வேண்டுமென்றால் குட்டை ரகத்தை வாங்கி நடுங்கள். அது ஒன்றுதான் வழி.

கல்வாழையில் வெட்ட வேண்டிய இடம் இரண்டு. பூ வாடியதும் அந்தக் கொத்தை மட்டும் கிள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழே அடுத்த கொத்து தயாராக ஒளிந்திருக்கும், அதைச் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். எல்லாக் கொத்தும் முடிந்த பிறகு அந்தத் தண்டு இனி பூக்காது. தரையோடு வெட்டி எடுங்கள். கிழங்கிலிருந்து அடுத்த தண்டு வரும். பச்சையாக இருக்கிறதே என்று பாவம் பார்த்து விட்டுவைத்தால் தூர் (ஒரே இடத்திலிருந்து கிளம்பும் தண்டுகளின் கூட்டம்) நெருக்கமாகி, காற்றோட்டம் இல்லாமல் துருநோய் வந்து சேரும்.

சரி, கிளைக்கும் வகைக்கு வருவோம். எவ்வளவு வெட்டலாம்? மூன்றில் ஒரு பங்கு. நன்றாகத் தூர் கட்டிய செடியென்றால் பாதி வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். எப்போது? மொட்டு கண்ணில் படுவதற்கு வெகு முன்னால். இப்படி வெட்டினால் சில வாரங்கள் தாமதமாகப் பூக்கும், பூக்கள் கொஞ்சம் சிறியதாகவும் இருக்கும். ஆனால் எண்ணிக்கை கூடும், செடி சாயாமல் நிற்கும். ஒரே தூரில் முன்பக்கத் தண்டுகளை மட்டும் வெட்டிப் பின்பக்கத்தை விட்டுவிடுவது இன்னும் நல்லது. பின்பக்கம் முதலில் பூக்கும், அது ஓயும்போது முன்பக்கம் தொடங்கும்.

செவ்வந்தி விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். பகல் பொழுது சுருங்கி இரவு நீளும்போதுதான் அது மொட்டு வைக்கும். ஆகவே நுனி கிள்ளுவதெல்லாம் பகல் நீளமாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். இரவு நீளத் தொடங்கிய பிறகு கிள்ளினால் குட்டையாகத் துளிர்த்து, பேருக்கு ஒன்றிரண்டு பூவோடு நின்றுவிடும். இதோடு தொடர்புள்ள இன்னொன்று: விடிய விடிய எரியும் விளக்குக்குக் கீழே நட்ட செவ்வந்தி சரியாகப் பூக்காது. உரம் போட்டும் பலனில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பதே, பக்கத்தில் விளக்கு இருக்கிறதா என்றுதான்.

டேலியாவை நாலைந்து ஜோடி இலை விட்டதும் ஒருமுறை நுனி கிள்ளுங்கள், போதும். அதன் பிறகு செய்ய வேண்டியது வாடிய பூவை எடுப்பது. பலரும் தவறுவது இங்கேதான். இதழ் உதிர்ந்த தலையும் புது மொட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மொட்டு உருண்டையாக, தட்டையான உச்சியோடு இருக்கும். பூத்து முடிந்தது கூம்பு போல நீண்டு கூர்மையாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் விரலால் லேசாக அழுத்துங்கள். மொட்டு கெட்டியாக இருக்கும், முடிந்தது மெத்தென்று ஈரமாக நசுங்கும். தலையை மட்டும் கிள்ளாமல், காம்பைக் கீழே உள்ள இலை ஜோடி வரை பின்தொடர்ந்து, கணுவை ஒட்டி மேலே வெட்டுங்கள். டேலியாத் தண்டு குழல் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும். நடுவில் வெட்டினால் அதில் நீர் நின்று அழுகல் இறங்கும்.

ஏற்கெனவே மட்டம் தட்டிவிட்டீர்களா? பதறி உரம் போடாதீர்கள், தயவுசெய்து. இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். மண் காயக் காய ஊற்றினால் போதும். தூரைச் சுற்றி மட்கிய தொழு உரம் கொஞ்சம், மேலே காய்ந்த இலை, வைக்கோல் மாதிரி ஒரு மூடாக்கு. அவ்வளவுதான். அரைகுறையாக நிற்கும் கல்வாழைத் தண்டுகளைத் தரையோடு எடுத்துவிடுங்கள். டேலியாவிலும் ரட்பெக்கியாவிலும் வெட்டுப்பட்டு நார் நாராக நிற்கும் முனைகளை, உயிருள்ள கணுவுக்கு மேலே கூர்மையான கத்தரியால் சீராக வெட்டிவிடுங்கள். பிறகு காத்திருங்கள்.

அப்புறம், "செடி சாய்கிறது, அதனால்தான் வெட்டினோம்" என்கிறார்கள். ஏன் சாய்கிறது? ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் கிடைக்காவிட்டால் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளும். யூரியாவை அள்ளிப் போட்டால் தண்டு கொழகொழவென்று வளரும், பாரம் தாங்காது, அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் தேடி வரும். முட்டு கொடுப்பதென்றால் செடி சாய்வதற்கு முன்பே, அரை உயரத்தில் இருக்கும்போதே குச்சி நடுங்கள். கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றுங்கள். விழுந்த பிறகு விறகுக்கட்டு மாதிரி இறுக்கிக் கட்டுவதால் உள்ளே இலை பழுத்துச் சாம்பல் நோய்தான் வரும்.

கத்தரியை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது வெட்ட வேண்டாம். செவ்வந்திச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், கையுறை போடுங்கள். டெல்ஃபினியம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் போட வேண்டும். அந்தச் செடி முழுவதுமே விஷம், குழந்தைகளை வெட்டிய தழையில் விளையாட விடாதீர்கள்.

மூன்று நான்கு வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் தூரில் நடுப்பகுதி காய்ந்து, ஓரத்தில் மட்டும் வளையமாகத் துளிர் வருகிறதா? அதற்கு மருந்து கவாத்து இல்லை. தோண்டி எடுத்துப் பிரியுங்கள். நடுவை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளை இடைவெளி விட்டு நடுங்கள். டேலியாக் கிழங்கைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கழுத்துப் பகுதியும் அதில் ஒரு கண்ணும் (துளிர் கிளம்பும் இடம்) இருக்க வேண்டும். வெறும் கிழங்கு முளைக்காது.

தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவரைத் திட்டாதீர்கள். "எல்லாத்தையும் சுத்தமா வெட்டிடுங்க" என்று சொன்னது நீங்கள்தான். எதைத் தொடக்கூடாதோ அந்தத் தண்டில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு, மிஷினை வேலிப் பக்கம் மட்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.