சீனா வழியாக சான் பிரான்சிஸ்கோ

தம்பியை பெங்களூரில் சான் பிரான்சிஸ்கோ விமானம் ஏற்றிவிட்டு கிருஷ்ணகிரி வந்து சேர்ந்ததும், சித்தி மொபைலை நீட்டினார். "என்னப்பா, அமெரிக்கா இந்தப் பக்கம்தானே இருக்கு? பிளேன் சீனாவுக்குள்ள போகுது!" சுவரில் இருந்த உலகப் படத்தில் அமெரிக்கா இடது ஓரத்தில்தான் இருந்தது.

தப்பு படத்தின் மேல்தான். உருண்டையைத் தட்டையாக விரித்தால், படத்தில் நேர்க்கோடாகத் தெரிவது குறுக்கு வழியாக இருக்காது. வீட்டுப் பிள்ளைகளின் பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் வழுக்கிக்கொண்டே மேலே ஏறியது. திபெத், மங்கோலியா, சைபீரியா என்று 71 டிகிரி வடக்கு வரை போய், அலாஸ்கா வழியாக இறங்கியது. அந்தத் தூரம் சுமார் 14,000 கி.மீ. படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அப்படியே கிழக்கே பறந்தால் சுமார் 16,100 கி.மீ. ஆகும்.

சரி, விமானம் நூல் மேலேயே போனதா? இல்லை. ஜப்பான் பக்கமாக விலகி, பசிபிக் மேலே போனது. காரணம் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு போல ஒரு காற்று ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். அதில் ஏறிக்கொண்டால் தூரம் கூடினாலும் நேரம் குறையும்.

"அப்போ திரும்பி வரும்போது?" என்றார் சித்தி. ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விடை தெரியும். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. என்று வையுங்கள். அதே 14,000 கி.மீ. போக 14 மணி நேரம், வர 17.5 மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் போக வர 31.1 மணி, இப்போது 31.5. போகும்போது மிச்சமானது வரும்போது சரிக்குச் சரி கழிந்துவிடும் என்றுதான் தோன்றும். கழியாது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால், அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் அதிகம்.

அதனால் வரும்போது அந்தக் காற்றை ஒதுக்கிவிட்டு வேறு வழி பார்ப்பார்கள். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை விட்டபோது, பெண் விமானிகளே அதை வட துருவம் வழியாக ஓட்டி வந்தார்கள். ஏறக்குறைய 17 மணி நேரம் ஆனது.

"துருவத்து மேலயா? குளிராதா?" உள்ளே இருப்பவர்களுக்குக் குளிராது. கவலை இறக்கையில் இருக்கும் எரிபொருளைப் பற்றித்தான். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ, -40 டிகிரி செல்சியஸ் வரைதான் உறையாது என்று உறுதி. வெளியே அதைவிடக் குளிர். அதனால் விமானிகள் டாங்கின் வெப்பநிலையில் ஒரு கண் வைத்திருப்பார்கள். ரொம்ப இறங்கினால் விமானத்தைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். வேகம் கூடினால், முன்னால் நெருக்கப்படும் காற்றே சூடேறி இறக்கைக்கும் கொஞ்சம் வெப்பம் கொடுக்கும்.