சனசமூக நிலையக் கூரையில் சோலார் போட்டால் வரி குறையுமா?

எங்கள் ஒழுங்கையில் கொஞ்ச நாளாக ஒரு யோசனை ஓடுகிறது. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு சனசமூக நிலையத்துக் கூரையில் சோலார் பூட்டுவோம், மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்று வருகிற வருமானத்தைப் பங்கு பிரிப்போம், போட்ட காசை அவரவர் வருமான வரிக் கணக்கிலும் கழித்துக்கொள்வோம் என்று. சொன்னவர் வங்கியில் வேலை, மாதாமாதம் சம்பளத்தில் வரி வெட்டுப்படுகிற எரிச்சல் அவருக்கு. முதல் இரண்டும் நடக்குமோ என்னவோ, மூன்றாவது சரிவராது.

காரணம் சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்கு 2021 இல் வந்த திருத்தம்தான் இந்தச் சோலார் நிவாரணத்தைக் கொண்டுவந்தது. இலங்கையில் வதியும் தனியாள் ஒருவர், தன்னுடைய வளவில் பூட்டி தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கிற சோலார் பனலுக்குச் செலவழித்த காசு, அல்லது அதை வாங்க எடுத்த கடனுக்காக வங்கிக்குக் கட்டிய காசு, ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு (ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி ஆண்டுக்கு) 6 இலட்சம் ரூபா வரை வருமானத்தில் கழிபடும். அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கொக்கி.

'தனியாள்' என்றால் சங்கமோ, கோயில் பரிபாலன சபையோ, வாசிகசாலையோ இல்லை. 'தன்னுடைய வளவு' என்றால் பொதுக் கட்டடத்துக் கூரை இல்லை. 'வதியும்', அதாவது இங்கே வசிக்கிற, என்பதுதான் எங்கள் ஊருக்கு அதிகம் இடிக்கும், ஏனென்றால் இங்கே பாதிச் சோலார் கனடாக் காசிலும் லண்டன் காசிலும்தான் ஏறுகிறது. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணா அம்மாவின் வீட்டுக்குப் பூட்டிக் கொடுத்தால் நல்ல விஷயம், ஆனால் அவருக்கு இங்கே வரிக் கழிவு கிடையாது. 'தேசிய மின்கட்டமைப்பு' என்ற சொல் தீவுக்காரருக்கு. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு எல்லாம் டீசல் ஜெனரேற்றரோடு தனியாக ஓடுகிற இடங்கள். எழுத்துப்படி வாசித்தால், சோலார் மிகவும் தேவைப்படுகிற அந்தச் சனத்துக்குத்தான் இந்தச் சலுகை எட்டாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சரி, கிடைக்கிறவருக்கு எவ்வளவு மிச்சம்? 6 இலட்சம் கழிவு என்றதும் 6 இலட்சம் கைக்கு வரும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வராது. 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம், மிச்சத்துக்கு 36 வீதம். மாதம் 2,50,000 உழைப்பவருக்கு ஆண்டு வரி 96,000. சோலாருக்கு 6 இலட்சம் கழித்தால் 36,000. மிச்சம் 60,000 ரூபா. மாதம் 3,00,000 என்றால் 2,22,000 இல் இருந்து 96,000 க்கு இறங்கும், மிச்சம் 1,26,000. மாதம் ஒன்றரை இலட்சத்துக்குள் உழைக்கிற ஆசிரியருக்கோ கிளாக்கருக்கோ ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் அவர் கட்டுவதற்கு வரியே இல்லை. ஆகவே கணவன் மனைவி இரண்டு பேரும் வேலை என்றால், யாருடைய சம்பளத்தில் வரி கூட வெட்டுகிறார்களோ அவருடைய பெயரில் பில்லையும் கடனையும் போடுவதுதான் புத்தி. வளவும் அவருடையதாக இருக்கிறதா என்று பாருங்கள், சீதன வீடு என்றால் உறுதி பெரும்பாலும் மனைவியின் பெயரில்தான் இருக்கும்.

வேலை செய்கிற இடத்தில் இதைச் சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளத்தில் வெட்டுகிறபோது பார்ப்பது அந்த 18 இலட்சத்தை மட்டும்தான். ஆண்டு மார்ச் 31 இல் முடிந்த பிறகு, நவம்பர் 30 க்கு முன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விவரத்திரட்டு கொடுத்து, கூடக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டு, மின்சார சபையோடு செய்த ஒப்பந்தம், கடன் என்றால் வங்கிக் கூற்று, மூன்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

வெளிநாட்டில் கூட்டாகச் செய்கிறார்களே என்று கேட்டால், செய்கிறார்கள். நியூ ஜெர்சியில் ஒரு சோலார் பண்ணையில் பங்கு சேர்ந்தால் வீட்டுக் கரண்ட் பில்லில் கழிவு வரும். ஆனால் அங்கேயும் வரிச்சலுகை பண்ணையின் சொந்தக்காரருக்குத்தான், பங்கு சேர்ந்தவருக்கு இல்லை.

எங்கள் ஒழுங்கையில் இப்போது யோசனையை மாற்றிவிட்டோம். ஐந்து வீடும் சேர்ந்து ஒரே கொம்பனியிடம் விலை பேசுவது, பூட்டுவது அவரவர் கூரையில், பில் அவரவர் பெயரில். அதற்கு முதல் மின்சார சபையில் ஒருக்கால் கேட்க வேண்டும், எங்கள் பக்கத்து ட்ரான்ஸ்போர்மர் ஐந்து வீட்டுச் சோலாரில் இருந்து வருகிற மின்சாரத்தையும் தாங்குமா என்று. தாங்காவிட்டால் முந்தி விண்ணப்பித்தவருக்குத்தான் இடம், அதனால் வங்கிக்காரர் திங்கட்கிழமையே போய்விட்டார்.